இல்லாத பொருளுக்கு ஓர் ஒப்பந்தம்

அரசாங்கம் ஆயிரம் லாரி வாங்குவது பெரிய காரியமல்ல. எத்தனை டன், என்ன எஞ்சின், எப்போது வேண்டும் என்று எழுதி டெண்டர் விட்டால் போதும். விலை சொல்ல நாலு பேர் வருவார்கள். வந்த லாரியைச் சோதித்துப் பார்த்துப் பணம் கொடுத்துவிடலாம். இதுவரை யாருமே செய்து பார்க்காத ஒன்றை அரசாங்கம் வாங்க வேண்டுமென்றால்தான் சிக்கல். அதன் விலை செய்யப்போகிறவருக்கே தெரியாது. செய்ய முடியுமா என்பதும் தெரியாது. பாதி வழியில் போன பிறகு, வேறொன்று செய்வதே நல்லது என்று தோன்றலாம். ராணுவ ஆராய்ச்சி முழுவதும் இந்த வகைக் கொள்முதல்தான்.

இந்தச் சிக்கலோடு மிக நீண்ட காலமாக, மிக அதிகப் பணத்தோடு மல்லுக்கட்டி வரும் நாடு அமெரிக்கா. அங்கே கண்டுபிடிக்கப்பட்ட வழிகளில் முக்கியமானது ‘அதர் டிரான்சாக்‌ஷன்’ என்ற ஒப்பந்த முறை, சுருக்கமாக ஓ.டி. வழக்கமான கொள்முதல் விதிகளில் பெரும்பாலானவை இதற்குப் பொருந்தாது. இருதரப்பும் உட்கார்ந்து பேசி, தங்களுக்கு ஏற்ற நிபந்தனைகளைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம். புதிய நிறுவனங்களை உள்ளே கொண்டுவந்த பெருமையும் இந்த முறைக்கு உண்டு. அமெரிக்கத் தரைப்படையின் மிகப் பெரிய தோல்விகளில் ஒன்றில் பங்கும் உண்டு. ஒரே கருவி இப்படி இருவேறு விளைவுகளைத் தந்தது எப்படி என்பதே இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி.

முதலில், விதிகளைத் தளர்த்த வேண்டிய தேவை ஏன் வந்தது என்று பார்ப்போம். அமெரிக்க அரசின் கொள்முதலை ஆளும் ‘எஃப்.ஏ.ஆர்.’ என்ற விதித்தொகுப்பு 1984 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏறக்குறைய 2,000 பக்கம். அதன்மேல் பாதுகாப்புத் துறைக்கென்று தனியாக ஒரு துணைத் தொகுப்பு. இவற்றோடு வேறு சட்டங்களும் சேர்ந்துகொள்கின்றன. பேரம் பேசும்போது செலவு விவரத்தை ஒளிக்காமல் காட்ட வேண்டும் என்கிறது 1962-ஆம் ஆண்டுச் சட்டம். அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பில் அரசுக்கும் உரிமை உண்டு என்கிறது 1980-இல் வந்த பே-டோல் சட்டம். அரசு சொல்லும் முறையில்தான் செலவுக் கணக்கை எழுத வேண்டும் என்ற கணக்குத் தரங்கள் வேறு. இவற்றில் எதையும் வேண்டாத விதி என்று தள்ள முடியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் அரசை ஏமாற்றிய கதையோ, ஏமாற்றிவிடுவார்களோ என்ற நியாயமான அச்சமோ இருக்கிறது.

எல்லாம் ஒன்றாகச் சேரும்போது என்ன நடக்கிறது என்பதை ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். வாடிக்கையாளர்கள் எல்லாம் தனியார் கம்பெனிகள். ராணுவம் ஒரு வேலை கேட்கிறது. அந்த ஒரு வேலைக்காகக் கணக்குப் புத்தகத்தின் அமைப்பையே மாற்ற வேண்டும். தணிக்கையாளர் எப்போது வந்தாலும் மணிக்கணக்கு வாரியாகச் செலவைக் காட்ட வேண்டும். சொந்தக் காசில் உருவாக்கிய தொழில்நுட்பத்தில் எது தன்னுடையது, எது அரசுடையது என்று வாதாட வழக்கறிஞர் வைக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு பணம் வர ஒன்றரை ஆண்டு ஆகலாம். ‘இந்த வேலையே வேண்டாம்’ என்றுதான் அந்த நிறுவனம் சொல்லும். பெரிய ராணுவ ஒப்பந்ததாரர்களான லாக்ஹீட் மார்ட்டினுக்கோ நார்த்ராப் கிரம்மனுக்கோ இது பிரச்சினையே இல்லை. இந்த விதிகளைக் கையாளவென்றே அங்கே துறைகள் இருக்கின்றன. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கக் கட்டிய சுவர், புதிதாக வருபவர்களைத்தான் முதலில் தடுத்தது.

சுவரில் வாசல் வைத்தவர்கள் ராணுவத்தார் அல்ல. 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா அவசர அவசரமாக நாசாவை உருவாக்கியது. அதற்கான சட்ட வரைவைத் தயாரித்தவர் பால் டெம்பிளிங் என்ற அரசு வழக்கறிஞர். ஒப்பந்தம், குத்தகை, கூட்டுறவு உடன்பாடு ஆகியவற்றோடு ‘பிற பரிவர்த்தனைகள்’ செய்துகொள்ளவும் நாசாவுக்கு அதிகாரம் உண்டு என்று 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது. விண்வெளியில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது; அதனால் இடம் விட்டு எழுதினார்கள். அந்த இடம் விரைவிலேயே பயன்பட்டது. 1962 ஜூலையில் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் பறந்தபோது, நாசா காசு கொடுத்து அதை வாங்கவில்லை. ஏவுவதற்கான செலவை ஏ.டி.அண்ட்.டி. நிறுவனம்தான் நாசாவுக்குக் கொடுத்தது. வழக்கமான கொள்முதல் விதியில் இப்படித் தலைகீழான ஏற்பாட்டுக்கு இடமேயில்லை.

பாதுகாப்புத் துறைக்கு இந்த அதிகாரம் கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1989-இல் தார்பா என்ற ராணுவ ஆராய்ச்சி முகமைக்கு நாடாளுமன்றம் அதைக் கொடுத்தது. அங்கே சட்ட ஆலோசகராக இருந்த ரிச்சர்ட் டன் இதற்காக விடாமல் முயன்றவர். முதல் பயன்பாடே வம்பில் முடிந்தது. கேலியம் ஆர்சனைடு சில்லுகள் செய்த கெஸல் மைக்ரோசர்க்கிட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் 1990-இல் தார்பா 40 லட்சம் டாலர் போட்டது. அரசாங்கம் தனியார் கம்பெனியில் முதலீடு செய்யலாமா என்று வெள்ளை மாளிகை வட்டாரத்தில் கோபம் எழுந்தது. சில வாரங்களில் தார்பாவின் இயக்குநர் கிரெய்க் ஃபீல்ட்ஸ் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். காரணம் இந்த முதலீடுதான் என்று பரவலாகப் பேசப்பட்டது. அதிகாரம் மட்டும் பிழைத்தது. 1993-இல் ஆயுத முன்மாதிரிகள் செய்யவும் அதைப் பயன்படுத்தலாம் என்று விரிவாக்கினார்கள்.

அந்த விரிவாக்கத்தின் முதல் பெரிய சோதனை, மிக உயரத்தில் நெடுநேரம் பறக்கும் ஆளில்லா உளவு விமானமான குளோபல் ஹாக். வழக்கமாக ராணுவம் ஒரு விமானம் கேட்டால் நிபந்தனைகள் மட்டுமே புத்தகம் புத்தகமாக வரும். இதில் தார்பா விதித்த கட்டாய நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு விமானத்தின் விலை 1 கோடி டாலரைத் தாண்டக் கூடாது. உயரம், தூரம், கேமராவின் திறன் எல்லாம் இலக்குகள் மட்டுமே. விலைக்குள் அடங்க எதை விட்டுக்கொடுப்பது என்பதை டெலிடைன் ரையன் நிறுவனத்தின் பொறியாளர்களே முடிவு செய்யலாம். 1998 பிப்ரவரியில் விமானம் பறந்தது; 2001-இல், சோதனைக் கட்டமே முடியாத நிலையில், ஆப்கானிஸ்தான் போருக்கே போனது. கூடவே தொடங்கிய டார்க்ஸ்டார் என்ற மற்றொரு விமானம் 1996-இல் இரண்டாவது பறப்பிலேயே விழுந்து நொறுங்கியது; 1999-இல் அதை மூடிவிட்டார்கள். இரண்டைத் தொடங்கி ஒன்றை மூடியதை நான் தோல்வியாகக் கருதவில்லை. ஆராய்ச்சி நடக்க வேண்டியதே அப்படித்தான்.

குளோபல் ஹாக்கின் பிற்காலம் வேறு மாதிரி. விலை இலக்கு சோதனைக் கட்டத்திலேயே நழுவத் தொடங்கியிருந்தது. வழக்கமான கொள்முதலுக்குள் வந்ததும் விமானப்படை இன்னும் பெரிய உடல், இன்னும் அதிகக் கருவிகள் என்று கேட்டுக்கொண்டே போனது. செலவு எல்லை மீறினால் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டத்தில் அந்தத் திட்டம் 2005-இலும் 2011-இலும் மாட்டியது. முன்மாதிரிக் கட்டத்தில் விலையை மையமாக வைத்து எடுத்த முடிவுகளை, அடுத்த கட்டத்தில் வந்தவர்கள் தங்களுடையதாக நினைக்கவே இல்லை. ஒப்பந்த முறையால் மட்டும் சரிசெய்யக்கூடிய குறை அல்ல இது.

தரைப்படையின் ‘ஃபியூச்சர் காம்பாட் சிஸ்டம்ஸ்’ திட்டத்தில் குறை அடித்தளத்திலேயே இருந்தது. டாங்கிகள், ஆளில்லா விமானங்கள், ரோபோக்கள், எல்லாவற்றையும் இணைக்கும் வலைப்பின்னல் என்று ஒரு படையையே புதிதாக வடிவமைக்கும் திட்டம் அது. 2003-இல் போயிங், எஸ்.ஏ.ஐ.சி. என்ற இரு நிறுவனங்களிடம் சுமார் 1,500 கோடி டாலருக்கு ஓ.டி. வழியில் ஒப்படைத்தார்கள். புதியவர்களுக்காகத் திறந்த வாசல் வழியாக, நாட்டின் மிகப் பெரிய ராணுவ ஒப்பந்ததாரர்களில் ஒருவர் உள்ளே வந்தார். கணக்கைத் திறந்து காட்டு என்ற விதி தள்ளி வைக்கப்பட்டது, அந்த விதியோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்து பழகிய கம்பெனிக்காக. அதைவிடக் கெடுதலான இன்னொன்றும் நடந்தது. எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்ற முடிவுகளில் பெரும்பகுதி ஒப்பந்ததாரர் கைக்கே போயிற்று. மேற்பார்வை செய்யும் ஆள்பலம் ராணுவத்திடம் இல்லை என்பதுதான் அப்படி ஒப்படைத்ததற்குச் சொன்ன காரணம்! செனட்டர் ஜான் மெக்கெய்ன் 2005-இல் விசாரணை வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்ட பிறகு, வழக்கமான ஒப்பந்தமாக மாற்ற ராணுவம் ஒப்புக்கொண்டது. 2009-இல் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் திட்டத்தையே நிறுத்தினார். அதற்குள் செலவானது சுமார் 1,800 கோடி டாலர். அவ்வளவு பழியையும் ஓ.டி. மேல் போடுவது நியாயமில்லை. இன்னும் பிறக்காத தொழில்நுட்பங்களை நம்பி அட்டவணை போட்டதுதான் மூல காரணம். ஆனாலும் அந்தத் தவறைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவியிருக்கக்கூடிய கண்களை ஓ.டி. மூடி வைத்தது.

தரைப்படை இப்படி வதைபட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நாசா தன் பழைய அதிகாரத்தை எடுத்துத் தூசி தட்டியது. இந்தத் துறையில் யார் எதை எழுதினாலும் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக 2006-இல் நாசா இரண்டு நிறுவனங்களோடு உடன்பாடு போட்டது. ஒன்று ஸ்பேஸ்எக்ஸ், மற்றது ராக்கெட்பிளேன் கிஸ்லர். செலவுக் கணக்கைக் காட்டு என்று நாசா கேட்கவில்லை. எட்ட வேண்டிய படிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு படிக்கும் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே நிர்ணயித்தது. வடிவமைப்பு ஆய்வு முடிந்தால் இவ்வளவு, எஞ்சின் சோதனை முடிந்தால் இவ்வளவு, ஏவிக் காட்டினால் இவ்வளவு. படி ஏறாவிட்டால் காசு இல்லை. கூடுதல் செலவானால் அது நிறுவனத்தின் தலையில். அந்தப் படிகளில் ஒன்று, வெளியிலிருந்து தனியார் முதலீடு திரட்டிக் காட்டுவது. கிஸ்லரால் அது முடியவில்லை. தவணை கேட்டது, மீண்டும் முடியவில்லை. 2007 அக்டோபரில் நாசா உடன்பாட்டை முறித்தது. அதுவரை கொடுத்திருந்தது சுமார் 3.2 கோடி டாலர். மிச்சப் பணத்தை வைத்து 2008-இல் ஆர்பிட்டல் சயின்ஸஸ் நிறுவனத்தைக் கொண்டுவந்தது.

2012 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் விண்கலம் நிலையத்தை அடைந்தது. ஃபால்கன்-9 ராக்கெட்டை வழக்கமான முறையில் தானே உருவாக்கியிருந்தால் ஏறக்குறைய 400 கோடி டாலர் ஆகியிருக்கும் என்று நாசாவின் சொந்த மதிப்பீடு சொன்னது. முந்தைய ஃபால்கன்-1-ஐயும் சேர்த்து ஸ்பேஸ்எக்ஸ் செலவழித்ததாகச் சொன்னது சுமார் 39 கோடி டாலர். எனக்கு அந்த வித்தியாசத்தைவிட கிஸ்லருக்குப் போன 3.2 கோடிதான் முக்கியம். தோற்கப்போகிறவரை அந்தத் தொகையோடு நிறுத்த முடிந்தது என்பதே அந்த ஒப்பந்தத்தின் பலம். நிறுத்துவதற்கு நாசாவில் ஆள் இருந்தார்கள். ராக்கெட் தெரிந்த பொறியாளர்கள், படி ஏறியாயிற்றா இல்லையா என்று தாங்களே பார்த்துச் சொல்லக்கூடியவர்கள்.

பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில் ஓ.டி.க்கு இரண்டாம் பிறவி 2015-இல். பாதுகாப்புச் செயலர் ஆஷ் கார்ட்டர் சிலிக்கான் பள்ளத்தாக்கிலேயே ஓர் அலுவலகம் திறந்தார். இன்று அதன் பெயர் டிஃபென்ஸ் இன்னொவேஷன் யூனிட். அதே ஆண்டு நிறைவேறிய சட்டம் முன்மாதிரி அதிகாரத்தை நிரந்தரமாக்கியது. அதோடு, போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த முன்மாதிரி வெற்றி பெற்றால், மறுபடி டெண்டர் விடாமல் அதே நிறுவனத்திடம் உற்பத்திக்கும் கொடுக்கலாம் என்றது. அந்தச் சட்டப் பிரிவு என்ன செய்யும் என்பதைப் புதிய அலுவலகத்தின் இளம் அதிகாரிகள் சட்டத்தைப் படித்துக் கண்டுகொண்டார்கள். சில பக்கத்தில் விண்ணப்பம், நேரில் செய்து காட்டல், மூன்று மாதத்துக்குள் ஒப்பந்தம் என்று ஒரு நடைமுறையை வகுத்தார்கள்.

கத்தாரில் உள்ள அல் உதைத் விமானத் தளத்தில் நடந்ததைப் பார்த்தால் அதன் பயன் புரியும். மத்திய கிழக்கின் வானில் போர் விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டும் டேங்கர்கள் எங்கே, எப்போது, எதைச் சந்திக்க வேண்டும் என்று அங்கேதான் தினமும் திட்டமிடுவார்கள். 2016-இல் அந்தத் திட்டம் ஒரு வெள்ளைப் பலகையில், வண்ண வண்ணக் காந்தவில்லைகளை நகர்த்திப் போடப்பட்டுக்கொண்டிருந்தது. கணக்கு எக்செல் தாளில். ஒரு விமானம் பழுதானால் வில்லைகளைக் கலைத்து மறுபடி அடுக்க வேண்டும். இந்த மையங்களின் கணினி முறையைப் புதுப்பிக்கும் பெரிய திட்டம் ஒன்று வழக்கமான வழியில் பல ஆண்டுகளாக நடந்துகொண்டுதான் இருந்தது. அதன் மதிப்பீடு 37.4 கோடி டாலரிலிருந்து 74.5 கோடிக்கு ஏறியிருந்தது. புதிய அலுவலகம் பிவட்டல் என்ற மென்பொருள் நிறுவனத்தையும் விமானப்படையின் ஆட்களையும் சேர்த்து உட்காரவைத்தது. திட்டமிடும் வீரர்களின் பக்கத்திலேயே இருந்து பார்த்து, சில மாதங்களில், சுமார் 20 லட்சம் டாலரில் ஒரு செயலியைச் செய்தார்கள். நாள் முழுதும் இழுத்த வேலை சில மணி நேரமாயிற்று; டேங்கர்கள் வீணாகப் பறப்பது குறைந்து எரிபொருள் மிச்சமானது. பெரிய திட்டத்தை விமானப்படை 2017-இல் கைவிட்டது.

இப்படிப்பட்ட வெற்றிகள் பேசப்பட்டதும் எல்லாரும் அந்த வாசலை நோக்கி ஓடினார்கள். பென்டகனின் முன்மாதிரி ஓ.டி. தொகை 2016 நிதியாண்டில் 140 கோடி டாலர். 2018-இல் 370 கோடி. 2020-இல் 1,600 கோடியைத் தாண்டியது. கடைசித் தாவலுக்குப் பெருங்காரணம் கொரோனா. ஃபைசரிடம் 10 கோடி டோஸ் தடுப்பூசிக்கு 195 கோடி டாலர், நோவாவேக்ஸுக்கு 160 கோடி டாலர் என்று போட்ட ஒப்பந்தங்கள் இந்த வழியில் போனவையே. உயிர்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் வேகம் தேவைப்பட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோடிக்கணக்கான டோஸ் வாங்குவதை ‘முன்மாதிரி’ என்ற தலைப்பின்கீழ் கொண்டுவந்ததும், பே-டோல் சட்டம் மக்களுக்குக் கொடுத்த காப்புரிமைப் பாதுகாப்புகள் அந்த ஒப்பந்தங்களில் வலுவிழந்ததும் சாதாரண விஷயமல்ல. அதைக் கண்டித்த பொதுநல அமைப்புகளின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

அந்தப் பணம் போன பாதையும் கவனிக்கத்தக்கது. பென்டகன் பல நேரம் நிறுவனத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போடுவதில்லை. ஒரு கூட்டமைப்போடு போடுகிறது. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் சந்தா கட்டி அதில் உறுப்பினராக இருக்கும். ஒரு நிர்வாக நிறுவனம் தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு வேலையைப் பிரித்துக் கொடுக்கும். சிறு கம்பெனிகளுக்கு இது வசதி. வெளியிலிருந்து பார்க்கிற குடிமகனுக்கு, அரசின் தரவுத்தளத்தில் தெரிவது பெரும்பாலும் நிர்வாக நிறுவனத்தின் பெயர் மட்டுமே. வேலையை உண்மையில் செய்தவர் யார் என்று தெரிவதில்லை.

முறை மீறியபோது பிடித்த சம்பவங்களும் உண்டு. 2018 பிப்ரவரியில் ரீன் கிளவுட் என்ற நிறுவனத்துக்கு, சிறிய முன்மாதிரி ஒன்றின் தொடர்ச்சியாக 95 கோடி டாலர் வரையிலான உற்பத்தி ஒப்பந்தம் கிடைத்தது. கூச்சல் எழுந்ததும் 6.5 கோடியாகக் குறைத்தார்கள். ஆரக்கிள் முறையிட்டது. முன்மாதிரி ஒப்பந்தத்திலேயே தொடர் உற்பத்தி பற்றிச் சொல்லியிருக்கவில்லை, முன்மாதிரி முழுமையாக முடியவும் இல்லை என்று அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. தீர்ப்புச் சொன்னது. ஆனால் ஓ.டி.யில் தோற்ற நிறுவனங்களுக்கு முறையிடும் வழி மிகக் குறுகலானது. ராக்கெட் ஏவும் சேவைக்காக 2018-இல் யு.எல்.ஏ., நார்த்ராப் கிரம்மன், புளூ ஆரிஜின் மூன்றுக்கும் சேர்த்து 200 கோடி டாலருக்கு மேல் ஓ.டி. கிடைத்தபோது விடுபட்ட ஸ்பேஸ்எக்ஸ், முதலில் எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்பதற்கே அலைய வேண்டியிருந்தது, கடைசியில் தோற்றது. அந்த அளவு பணபலம் இல்லாத ஒரு சிறு நிறுவனம் என்ன செய்திருக்கும்?

அண்மைக்கால எச்சரிக்கை மைக்ரோசாஃப்டின் ஐவாஸ் கண்ணாடி. வீரர்கள் தலையில் மாட்டிக்கொண்டால் வரைபடமும் இரவுக்காட்சியும் கண் முன்னே தெரியும் கருவி. 2018-இல் சுமார் 48 கோடி டாலருக்கு முன்மாதிரி. 2021 மார்ச்சில், மறு டெண்டர் இல்லாமல், பத்தாண்டில் 2,188 கோடி டாலர் வரை போகக்கூடிய உற்பத்தி ஒப்பந்தம். சோதனையில் போட்டுப் பார்த்த வீரர்களுக்குத் தலைவலி, குமட்டல். வீரர்கள் இதை ஏற்கிறார்களா என்று அளக்க ராணுவம் ஒரு தெளிவான அளவுகோலே வைக்கவில்லை என்றும், அவர்கள் பயன்படுத்த விரும்பாத ஒன்றுக்கு அந்த முழுத்தொகையும் வீணாகலாம் என்றும் பென்டகனின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2022-இல் எழுதியது. நாடாளுமன்றம் கேட்ட பணத்தின் பெரும்பகுதியை வெட்டியது. 2025-இல் திட்டம் ஆண்டுரில் நிறுவனத்தின் கைக்கு மாறியது. படிகள் இருந்தன, ஆனால் ஏறினார்களா என்று கேட்க வேண்டிய முக்கியமான படியை எழுதவே இல்லை.

இத்தனை கதைகளையும் அருகருகே வைத்தால், விதிகள் எவ்வளவு குறைந்தன என்பது முடிவைத் தீர்மானிக்கவில்லை என்று தெரிகிறது. விதிகள் குறைந்த இடத்தில் அரசின் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே தீர்மானித்தது. தொழில் தெரிந்த, ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் துணிவும் அதிகாரமும் உள்ள அதிகாரி இருந்த இடத்தில் ஓ.டி. பலன் தந்தது. வேலையையும் மேற்பார்வையையும் சேர்த்து ஒப்பந்ததாரரிடமே கொடுத்த இடத்தில் பணம் போனது. 2025 மார்ச்சில் பென்டகன், மென்பொருள் வாங்க இதையே முதல் வழியாகக் கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. ஏப்ரலில் அதிபரின் ஆணையும் இந்த முறைக்கு முன்னுரிமை தரச் சொன்னது. கொள்முதல் அதிகாரிகளைக் குறைத்துக்கொண்டே இந்த முறையை விரிவாக்கினால், அடுத்த ஐவாஸுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிராது.

நமக்கும் இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. இந்தியாவின் ஐடெக்ஸ் திட்டம் 2018 ஏப்ரலில், சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ஸ்டார்ட்அப் நிறுவனம் தன் பங்கைப் போட, அரசு 1.5 கோடி ரூபாய் வரை படிப்படியாக மானியம் தரும். பிறகு வந்த பிரைம் பிரிவில் 10 கோடி வரை. முன்மாதிரி தேறினால் படைகள் வாங்குவதற்கும் 2020 கொள்முதல் நடைமுறையில் வழி வைத்திருக்கிறார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று விரியும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இருக்கும் சிறு பட்டறைகளுக்கு இந்த வாசல் பெரிய வாய்ப்பு. தொகைகள் சிறியவையாக இருக்கும் இப்போதே நாம் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு: எந்த முன்மாதிரிக்கு எவ்வளவு கொடுத்தோம், எது தேறியது, எதை எந்தப் படியில் நிறுத்தினோம், எது ஆர்டரானது என்ற கணக்கு, ஆண்டுதோறும், எல்லாரும் பார்க்கும்படி. அமெரிக்கா அதைச் செய்யவில்லை. எத்தனை ஓ.டி. முன்மாதிரிகள் உற்பத்திக்குப் போய்ப் படைவீரர் கைக்கு வந்தன என்பதைப் பென்டகன் முறையாகப் பதிந்து வைக்கவில்லை என்று ஜி.ஏ.ஓ. இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது.